திருமலையில் இருந்து புரோமோவுக்கும் இஜெனுக்கும்: போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியாவில் ஏழு கிணற்றிலும் வெந்நீர் ஊறுகிறதே, அடியில் ஏதும் எரிமலை உறங்குகிறதா என்ற கேள்வி நம்மூரில் அடிக்கடி வரும். வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு ஆம் என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. அது சரியல்ல. இலங்கை நிற்கும் பாறை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. இந்தத் தீவில் குமுறும் எரிமலையும் இல்லை, உறங்கும் எரிமலையும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப்போக, கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 25 முதல் 30 பாகை செல்சியஸ் வீதம் நிலம் சூடாகிறது. சூடேறிய நீர் வேறொரு வெடிப்பைப் பிடித்து, ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. கன்னியாவும் மகாஓயாவும் அப்படி உண்டானவைதான். இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் குத்திய இடங்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வது வேறு. அந்த நம்பிக்கைக்கு எரிமலை தேவையுமில்லை.

எரிமலைப் பயணம் பற்றிய எழுத்தைக் கன்னியாவில் தொடங்கக் காரணம் இருக்கிறது. கிணற்றில் வாளியை விட்டு அள்ளித் தலையில் ஊற்றிப் பழகிய கை, எந்த ஊற்றைக் கண்டாலும் அப்படியே நீளும். எரிமலை நாட்டில் அந்தக் கை வெந்துபோகும். கன்னியாத் தண்ணீரைப் போலவே தெளிந்து, மெல்ல ஆவி விட்டுக்கொண்டு கிடக்கும் குட்டை 90 பாகைக்கு மேல் இருக்கலாம். குட்டையைச் சுற்றி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படர்ந்திருக்கும் ஏடு தரை மாதிரித் தெரியும். ஓர் ஆளின் பாரத்தைத் தாங்காது. கீழே கொதிசேறு இருக்கும். ஆகவே நாலு பேர் நடந்து தேய்ந்த தடத்தில் மட்டும் கால் வையுங்கள். குளிக்கவென்று கட்டிவிட்ட தொட்டியைத் தவிர வேறெந்த நீரையும் தொடாதீர்கள்.

நமக்கு மிகக் கிட்டிய உயிருள்ள எரிமலை அந்தமானின் பாரன் தீவு. கோணேசர் கோயில் மலையில் நின்று கிழக்கே, சற்று வடக்காகப் பார்த்தால் 1,400 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் அதிகம். 1787இல் அதன் வெடிப்பு முதன்முதலாகப் பதிவானது. நெடுங்காலம் அடங்கிக் கிடந்துவிட்டு 1991இல் மறுபடி குமுறத் தொடங்கியது. ஆனால் ஆளில்லாத அந்தத் தீவில் சுற்றுலாப் பயணிகளை இறங்கவிட மாட்டார்கள். கடலில் நின்று புகையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதனால் திருமலையில் இருந்து முதல் எரிமலை பார்க்கப் புறப்படுகிறவருக்கு இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் கிழக்குப் பாதியையே சொல்வேன். புரோமோ, இஜென் என்ற இரண்டு மலைகள், ஒரே ரயில் பாதையின் பக்கத்தில்.

என்ன பார்க்கப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். அங்கே நெருப்புக் குழம்பு ஆறாக ஓடுவதைக் காண மாட்டீர்கள். அதற்கு ஹவாயின் கிலவேயா, ஐஸ்லாந்து, சிசிலித் தீவின் எட்னா என்று போக வேண்டும். போனாலும் அந்த வாரம் மலை குமுற வேண்டும். ஜாவாவில் கிடைப்பது புகை கக்கும் வாய், சாம்பல் வெளி, கந்தகம், அமில ஏரி. அவற்றைப் பார்க்கவே அவ்வளவு தூரம் போகலாம்.

காலத்தைத் தேர்வதில்தான் நம்மூர்க்காரருக்குச் சிக்கல். ஜாவாவில் மழை இல்லாத காலம் ஏறக்குறைய மே முதல் ஒக்டோபர் வரை. உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் விருந்தினர் விடுதியோ படகோ வைத்திருப்பவர்களுக்கு உழைப்புக் காலமும் அதேதான். நமக்கு வாடைக்காற்று வந்து கடல் கொந்தளித்து வேலை ஓயும் நவம்பர், டிசெம்பர், ஜனவரியில் அங்கே மழை கொட்டும். மழைக்காலத்தில் போனால் மூடுபனியில் எதுவும் தெரியாமல் போவது ஒரு நட்டம். அதைவிடப் பெரியது, சாம்பலும் மழைநீரும் சேர்ந்து சேற்று வெள்ளமாக ஆற்று வழியே இறங்கும் அபாயம். மேற்குச் சுமாத்திராவின் மராப்பியில் 2024 மே மாதம் இறங்கிய அப்படியொரு வெள்ளத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உழைப்பையும் விடமுடியாது என்றால் ஒக்டோபர் முதற்பாதிதான் இரண்டுக்கும் நடுவில் வரும் காலம். சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் போகிறவர்கள் பிற்பகல் மழையை எதிர்பார்த்து, மலை வேலையை முழுக்க விடியற்காலையிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

ரிக்கெற் எடுக்கும் முன்பும், எடுத்த பிறகும், ஏறும் நாளுக்கு முந்திய மாலையிலும் பார்க்க வேண்டியது மலையின் எச்சரிக்கை மட்டம். இந்தோனேசியாவின் எரிமலைக் கண்காணிப்பு மையம் ஒவ்வொரு மலைக்கும் நாலில் ஒரு மட்டத்தை அறிவிக்கிறது: ஒன்று நோர்மல், இரண்டு வஸ்பாதா, மூன்று சியாகா, நாலு அவாஸ். ‘மக்மா இந்தோனேசியா’ என்ற அவர்களது தளத்திலும் செயலியிலும் அன்றன்று இருக்கும். மட்டத்தின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிற்கிறவர்கள் முக்கியமான வரியைத் தவறவிடுகிறார்கள். அதன் கீழே, வாயில் இருந்து இத்தனை கிலோமீற்றருக்குள் போகக் கூடாது என்று ஒரு தூரம் இருக்கும். அதுதான் உங்களுக்கான உத்தரவு. 2023 டிசெம்பர் 3ஆம் திகதி மராப்பி வெடித்தபோது அது இரண்டாம் மட்டத்தில்தான் இருந்தது. 3 கிலோமீற்றருக்குள் போகவேண்டாம் என்ற அறிவுறுத்தலும் இருந்தது. மலை ஏற ஆட்களை விட்டுக்கொண்டும் இருந்தார்கள். 24 பேர் இறந்தார்கள். ரிக்கெற் விற்கிறார்கள் என்பதால் பாதுகாப்பு என்று பொருள் கொள்ள முடியாது. (மராப்பி சுமாத்திராவில், மெராப்பி ஜாவாவில், யோக்யகர்த்தாவுக்கு மேலே. ஓர் எழுத்தில் ஆளை மாற்றிவிடும் பெயர்கள். தேடும்போது மாகாணத்தையும் சேர்த்துத் தேடுங்கள்.)

முதலாம் மட்டத்தில் இருப்பதும் உத்தரவாதம் இல்லை. யப்பானின் ஒன்டாக்கே 2014 செப்ரெம்பர் 27ஆம் திகதி, சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன், மிகத் தாழ்ந்த மட்டத்தில் இருந்தபடியே வெடித்தது. இறந்தவர்களும் காணாமற் போனவர்களுமாக 63 பேர். நியூசிலாந்தின் வக்காரித் தீவில் 2019 டிசெம்பர் 9ஆம் திகதி 47 பேர் நின்றிருந்தார்கள். 22 பேர் உயிர் தப்பவில்லை. இரண்டும் நீராவி வெடிப்புகள். நிலத்தடி நீர் சூடேறி, அமுக்கம் விட்டதும் ஒரே நொடியில் ஆவியாகிறது. ஆவியானால் கனவளவு ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல். குழம்பு மேலேறி வந்தால் நில அதிர்வு, வீக்கம் என்று நாள் கணக்கில் அறிகுறி காட்டும். நீராவி அப்படிக் காட்டுவது குறைவு. ஆகவே வாயின் விளிம்பில் நிற்கும் நேரத்தை நீங்களே சுருக்கிக்கொள்ள வேண்டும். கால் மணி, அரை மணி போதும். சாப்பாட்டுப் பொதியை அங்கே பிரிக்க வேண்டாம்.

இனிப் பாதை. திருமலையில் இருந்து இரவுப் பஸ்ஸில் கட்டுநாயக்கா, அங்கிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகச் சுரபாயா. விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். தூதரகத்தின் அறிவித்தலைப் பார்த்த பிறகே விமான ரிக்கெற் எடுங்கள். சுரபாயாவில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் புரோபொலிங்கோ. அது புரோமோவுக்கு இறங்கும் நிலையம். அதே பாதையின் கிழக்கு முனையில் பன்யுவாங்கி, அது இஜெனுக்கு. பாலித்தீவில் இருந்து வருகிறவர்கள் கிலிமானுக்கில் பெரி ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் இந்தப் பக்கம் வந்துவிடலாம்.

மூன்று நாளில் இரண்டு மலையும் காட்டும் பொதி விலைக்கு மலிவாக இருக்கும். அதை எடுக்காதீர்கள். முதல் இரவு நள்ளிரவு கழிந்து எழும்பி புரோமோ. பகல் முழுக்க வாகனத்தில். மறுநாள் இரவு மறுபடி எழும்பி இஜென். இரண்டு நாளில் ஐந்து மணித்தியாலம் தூங்கிய உடம்போடு விஷப்புகைக்குள் இறங்குவீர்கள். உங்களைக் கொண்டுபோகும் சாரதியும் அதே தூக்கத்தில்தான் மலைப்பாதையில் வண்டி ஓட்டுவார். அந்தப் பயணத்தில் வெடிப்பைவிட வீதி விபத்துக்கே வாய்ப்பு அதிகம். நடுவில் ஒரு முழு நாள் விடுங்கள். முதலில் புரோமோ, பிறகு இஜென் என்ற வரிசையும் சரியானது. குளிரையும் சாம்பலையும் புரோமோவில் பழகிக்கொண்டு புகைக்குப் போகலாம்.

குளிரைப் பற்றிக் கடற்கரைக்காரருக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஆயிரம் மீற்றர் ஏற ஏற 6 பாகைக்கு மேல் வெப்பம் குறையும். கரையில் 27 பாகை என்றால் 2,400 மீற்றரில் 11. அதற்கு மேல் காற்று. ஜூலை, ஓகஸ்டில் புரோமோவின் சாம்பல் வெளியில் அதிகாலையில் உறைபனி பூப்பதும் உண்டு. நுவரெலியாவுக்குக் கொண்டுபோகும் ஒரு கம்பளிச் சட்டை போதாது. தோலோடு ஒட்டி நைலோன் கலந்த பெனியன், மேலே கம்பளி, அதற்கு மேல் காற்றுப் புகாத மழைச்சட்டை. பருத்தி பெனியன் வேண்டாம்: ஏறும்போது வியர்வையில் நனைந்து, நின்றதும் முதுகில் ஈரச்சீலை போட்டது மாதிரி ஆகிவிடும். ஏறும்போது கம்பளியைக் கழற்றிப் பையில் வையுங்கள், விளிம்பில் நின்றதும் போடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு நடுங்குகிறார்கள். மாற்ற ஒரு காய்ந்த பெனியன் பையில் இருந்தால் அது பெரிய உதவி.

புரோமோ 2,329 மீற்றர். பத்துக் கிலோமீற்றர் அளவு அகன்ற பழைய பெருவாய்க்குள், சாம்பல் வெளிக்கு நடுவில் நிற்கும் சின்ன மலை அது. விடியலைப் பார்க்க எல்லாரும் ஜீப்பில் பெனஞ்சாக்கான் மேட்டுக்குப் போவார்கள். அது 2,770 மீற்றர், நெரிசல் அதிகம். செமோரோ லவாங் கிராமத்தில் தங்கினால் ஊரின் விளிம்பில் இருந்தே முழுக் காட்சியும் நடந்து போய்ப் பார்க்கலாம். எனக்குச் சரியாகப் படுவது அதுதான். விடிந்து ஜீப்புகள் போன பிறகு சாம்பல் வெளியைக் கடந்து, ஏறக்குறைய 250 படி ஏறினால் வாய். விளிம்பு ஒடுக்கம், வேலி எல்லா இடத்திலும் இல்லை. படி முடியும் இடத்தில் இருந்து அதிக தூரம் போகாமல் நின்று பாருங்கள். உள்ளே இருந்து வரும் இரைச்சல் நிலாவெளியில் இரவுக் கடல் கேட்பது மாதிரி இடைவிடாமல் இருக்கும். திடீரென்று சத்தத்தின் தன்மை மாறினாலோ, வெள்ளைப் புகை சாம்பல் நிறமாகினாலோ உடனே இறங்குங்கள்.

அந்த மலையடியில் வாழும் தெங்கர் மக்கள் இந்துக்கள். வெளியின் நடுவே பூரா லுகுர் போத்தென் என்ற அவர்கள் கோயில் இருக்கிறது. யட்ன்யா கசாடா திருவிழாவில் நெல், மரக்கறி, கோழி, ஆடு என்று நேர்ந்த பொருளை எரிமலை வாய்க்குள் காணிக்கையாகப் போடுவார்கள். அந்த நாட்களில் விளிம்பு அவர்களுடையது; ஒதுங்கி நிற்பது மரியாதை. காணிக்கையை வலை வைத்துப் பிடிக்க உட்சரிவில் இறங்குகிறவர்களைப் பார்த்து நீங்களும் இறங்கிவிடாதீர்கள்.

சாம்பலைப் பற்றி ஒரு வார்த்தை. விறகு அடுப்புச் சாம்பல் மாதிரி மெதுவானது அல்ல இது. உடைந்த கண்ணாடியும் பாறையும் பொடியாகிக் கிடப்பது. கண்ணில் விழுந்தால் கசக்கக் கூடாது. போத்தல் தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். கமரா வில்லையைச் சீலையால் துடைத்தால் கீறிவிடும். காற்று ஊதும் பந்தால் ஊதியபின்தான் துடைக்க வேண்டும். வில்லை மாற்றும் வேலையைத் தங்குமிடத்திலேயே முடித்துவிடுங்கள். கண்ணுக்குள் வைக்கும் வில்லை போடுகிறவர்கள் இரண்டு மலைக்கும் மூக்குக் கண்ணாடியே போட்டுப் போக வேண்டும். சப்பாத்துக்குள் சாம்பல் போகாமல் இருக்க, பழைய நீளக் காலுறையின் பாதத்தை வெட்டிவிட்டுக் குழாயாகச் சப்பாத்தின் மேல் இழுத்துவிட்டால் போதும்.

இஜென் வேறு வகை. பன்யுவாங்கியில் இருந்து வண்டியில் பல்துடிங் என்ற இடத்துக்குப் போய், அங்கிருந்து 3 கிலோமீற்றர் நடை, சுமார் 500 மீற்றர் ஏற்றம். சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணியில் இருந்து ஏறிய கால் என்றால் இது அதில் பாதி ஏற்றம்தான். படி கிடையாது, சரிவான மண்பாதை, நடுப்பகுதி செங்குத்து. ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். நுழைய வைத்தியச் சான்று கேட்கிறார்கள். முதல் நாள் பன்யுவாங்கியிலேயே எடுத்துக்கொள்ளலாம். இரத்த அழுத்தம், நெஞ்சு வருத்தம், தொய்வு உள்ளவர்கள் அந்தச் சோதனையில் மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே இரவு 2 மணி என்றால் திருமலையில் பன்னிரண்டரை. உடம்பு நடுச்சாமம் என்றே எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு நாள் முன்னதாக வந்து தூங்கியிருந்தால் வித்தியாசம் தெரியும்.

விளிம்பில் இருந்து வாய்க்குள் இறங்கும் பாதை கிட்டத்தட்ட 800 மீற்றர். கல்லும் பாறையுமாக, அரை மணியில் இருந்து முக்கால் மணி எடுக்கும். இறங்குவதற்கு அனுமதி இல்லாத நாட்கள் உண்டு. அன்று கயிற்றைத் தாண்டிக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கீழே கந்தகம் எடுக்கும் தொழிலாளர்கள் இருப்பார்கள். புகைத்துளைகளில் பொருத்திய குழாய்களுக்குள் வாயு குளிர்ந்து கந்தகமாகச் சொட்டும். சொட்டும்போது செம்மை, ஆறியதும் மஞ்சள். அதை உடைத்து, காவடி மாதிரித் தோளில் இரண்டு கூடையில் 70 முதல் 90 கிலோ வரை சுமந்து மேலேறுகிறார்கள். அவர்கள் வரும்போது வழிவிட வேண்டும். வழிவிடும் பக்கம் மலைச்சுவர்ப் பக்கம். பள்ளப் பக்கம் ஒதுங்கினால் கூடை இடித்தே விழலாம். படம் எடுக்கக் கேளுங்கள், கேட்டால் பணமும் கொடுங்கள். அவர்கள் தொழில் நடக்கும் இடத்துக்கு நாம் பார்வையாளராகப் போயிருக்கிறோம்.

இஜென் வாய்க்குள் இரவில் தெரியும் நீலச் சுவாலை நெருப்புக் குழம்பல்ல. 600 பாகை வரை சூடான கந்தக வாயு வெளிக்காற்றில் பட்டதும் பற்றி எரிவது அது. பகலிலும் எரிகிறது, வெளிச்சத்தில் தெரியாது. அதனால்தான் நள்ளிரவு நடை. ஐந்து மணிக்கு முன் கீழே நிற்க வேண்டும். படங்களில் நீலம் ஆறாக ஓடுவது நீண்ட நேரம் வில்லையைத் திறந்து வைத்து எடுத்ததால். வெறுங்கண்ணுக்கு அது அடுப்புச் சுவாலை அளவில், புகைக்கு இடையில் விட்டுவிட்டுத் தெரியும். முக்காலியில் வைத்து 4 முதல் 10 வினாடி கொடுத்தால் கமராவில் வரும். முழுநிலாக் கிட்டத்தில் போகாதீர்கள். நெற்றியில் கட்டும் ரோச் இருந்தால் நல்லது, ஆனால் புகைக்குள் அதன் வெளிச்சம் சுவராகத் திரும்பி அடிக்கும். அப்போது அதைக் கழற்றி இடுப்பு உயரத்தில் பிடித்தால் பாதை தெரியும்.

விடிந்ததும் ஏரி. ஒரு கிலோமீற்றர் அளவு அகலம், 200 மீற்றர் வரை ஆழம், மயில் கழுத்து மாதிரிப் பச்சை கலந்த நீலம். அதன் அமிலத்தன்மை பீஎச் 0.5க்கும் கீழ்; உலகில் இவ்வளவு பெரிய அமில ஏரி வேறில்லை. கையை நனைக்கக் கூடாது. விளிம்பில் நின்று பின்பக்கம் பார்க்காமல் படத்துக்கு அடி எடுத்து வைப்பதும் கூடாது: 2024 ஏப்ரலில் ஒரு பயணி அப்படித்தான், உடுத்த நீளப் பாவாடை தடுக்கி, 75 மீற்றர் கீழே விழுந்து இறந்தார். சேலை, நீளப் பாவாடை, சாரம் எதுவும் அந்த இடத்துக்கு உடுப்பல்ல.

இப்போது வாயு. உயிர் போகும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூன்று வகை. கந்தகவீரொட்சைட்டு தீக்குச்சி உரசிய மணம். காற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பாரம். கண், தொண்டை, நுரையீரலில் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவே தொய்வுக்காரருக்கு மூச்சிழுப்பைத் தூண்டும். அவர்கள் விளிம்போடு நிற்பது நல்லது. பம்ப் கையில் இருந்தாலும் கீழே இறங்க வேண்டாம். ஐதரசன் சல்பைட்டு கூழ்முட்டை மணம். அளவு கூடி, பத்து இலட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு வந்தால் மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாது. மணம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று எண்ணுவது அங்கே கொல்லும் தவறு. காபனீரொட்சைட்டுக்கு மணம், நிறம் எதுவும் இல்லை. பாரமானது, பள்ளத்தில் தண்ணீர் மாதிரித் தேங்கும். 1979இல் ஜாவாவின் தியெங் மேட்டுநிலத்தில் அப்படித் தேங்கிய வாயு 140க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. காற்றில்லாத இரவில் குழிக்குள் இறங்கிக் குந்தியிருப்பது, கீழே விழுந்த பொருளைக் குனிந்து தேடுவது இரண்டும் ஆபத்து.

கொரோனாக் காலத்துத் துணி முகக்கவசமும் என்95ம் தூசைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வேண்டியது பெயின்ற் அடிக்கிறவர்கள் போடும் இறப்பர் அரை முகமூடி, அதில் அமில வாயுவுக்கான காட்ரிஜ், அதாவது காற்றை வடிக்கும் குப்பி. ஐரோப்பிய முறையில் கந்தகவீரொட்சைட்டுக்கான வகை ‘இ’, மஞ்சள் பட்டி. ‘ஏபிஇகே’ என்று எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்தது. வெறும் ‘ஏ’, மண்ணிறப் பட்டி, பெயின்ற் ஆவிக்கு மட்டும் உரியது; இங்கே உதவாது. கடையில் வாங்கும்போது இந்தப் பிழைதான் அதிகம் நடக்கிறது. உறை பிரிக்காததா, காலாவதித் திகதி எப்போது என்று பாருங்கள். உறை பிரித்த காட்ரிஜ் ஈரக்காற்றில் வீணாகிக்கொண்டே இருக்கும். பாதையோரம் வாடகைக்குத் தரும் மூடியின் உருவம் சரியாக இருக்கும், காட்ரிஜ் எத்தனை மாதமாகப் பாவித்தது என்று யாருக்கும் தெரியாது. மூடியை இங்கிருந்தே வாங்கிப் போட்டுப் பழகிக்கொண்டு போங்கள்.

போட்டதும் இரண்டு உள்ளங்கையாலும் காட்ரிஜ்களைப் பொத்தி மூச்சை இழுங்கள். மூடி முகத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பிறகு வெளிமூச்சு விடும் வால்வைப் பொத்தி ஊதுங்கள். ஓரத்தால் காற்றுப் போகக் கூடாது. தாடி இருந்தால் எந்த மூடியும் ஒட்டாது. சபரிமலைக்கு மாலை போட்ட காலத்திலும் நேர்த்திக்காக மழிக்காமல் இருக்கும் காலத்திலும் இந்தப் பயணத்தை வைக்க வேண்டாம். பிள்ளைகளின் முகத்துக்குப் பொருந்தும் அளவும் கிடைப்பது அரிது. அவர்களை விளிம்பில் நிறுத்திக்கொள்ளுங்கள். மூடி ஒட்சிசன் தருவதில்லை, காபனீரொட்சைட்டையும் தடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம். மூடி பழுதானால் நனைத்த துணியை மூக்கில் பொத்தலாம். கந்தகவீரொட்சைட்டு நீரில் கரையும் என்பதால் வெளியேறும் நிமிடங்களுக்கு மட்டும் அது கொஞ்சம் உதவும்.

புகை உங்கள் பக்கம் திரும்பினால் மேல்நோக்கி ஓடாதீர்கள். ஓடினால் மூச்சு இரைத்து இருமடங்கு உள்ளே போகும். காற்று எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று பார்த்து, புகைக்குக் குறுக்காகப் பக்கவாட்டில் நடந்து விலகுங்கள். தலைச்சுற்று, கண்ணீர் நில்லாமை, நெஞ்சு இறுக்கம் இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்குப் பயணம் முடிந்தது.

வெடித்தால் என்ன செய்வது? முதலில் வருவது கல். முதுகைக் காட்டி ஓடாமல் வாயைப் பார்த்து நின்று, உங்களை நோக்கி வரும் கல்லைக் கண்டு ஒதுங்க வேண்டும்; பிறகு பெரிய பாறை மறைவில் பையைத் தலைக்கு மேல் பிடித்துக் குந்த வேண்டும். கல்மழை ஓய்ந்ததும் இறங்குங்கள், ஆனால் பள்ளத்தாக்கு வழியாக அல்ல, மேட்டுமுதுகு வழியாக. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கல்லும் சேர்ந்து சரிவில் இறங்கும் எரிமுகில் மணிக்கு 100 கிலோமீற்றருக்கும் மேல் ஓடும். அது பள்ளத்தைப் பிடித்தே வரும். ஜாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் இடையிலுள்ள சுண்டா நீரிணைக் கரையில் தங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2018 டிசெம்பர் 22 இரவு அந்த நீரிணையில் நிற்கும் அனாக் கிரகத்தோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்து, நிலநடுக்கம் எதுவும் உணரப்படாமலே கடல் ஊருக்குள் வந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004ஐக் கண்ட நமக்கு விளக்கம் தேவையில்லை: அறையில் பையை வைக்கும் முன் மேட்டுக்குப் போகும் வழியைப் பாருங்கள்.

திரும்பும் விமானத்துக்கு முன் குறைந்தது இரண்டு நாள் வெறுமையாக விடுங்கள். சாம்பல் முகில் எழுந்தால் விமான நிலையத்தையே மூடுவார்கள். பாலி 2017 நவம்பரில் ஆகுங் மலையாலும், 2024 நவம்பரில் புளோரஸ் தீவின் லெவொத்தோபியாலும் விமானங்களை இழந்தது. இயந்திரத்துக்குள் போகும் சாம்பல் உருகி, சுழலித் தகடுகளில் மறுபடி கண்ணாடியாக உறைந்து மூச்சை அடைக்கும். 1982 ஜூன் 24ஆம் திகதி ஜாவாவின் கலுங்குங் மலைச் சாம்பலுக்குள் போன ஒரு ஜம்போ விமானத்தின் நான்கு இயந்திரங்களும் நின்றுபோயின. கீழே இறங்கித் தெளிந்த காற்றுக்கு வந்த பிறகே மறுபடி இயங்கின. காப்புறுதி எடுக்கும்போது எரிமலைச் சாம்பலால் வரும் தாமதம் சேர்ந்திருக்கிறதா, தடைசெய்த வலயத்துக்குள் போனால் ஒன்றும் தரமாட்டோம் என்ற வாசகம் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: தெம்பே, அவித்த கீரைக்கு நிலக்கடலைச் சம்பல் ஊற்றித் தரும் பெச்செல் இரண்டும் எங்கும் கிடைக்கும். ஆனால் அவர்களது சம்பலில் ‘தெராசி’ என்ற இறால் கூழ் இருக்கும். ‘தன்பா தெராசி’ என்று சொன்னால் அது இல்லாமல் தருவார்கள்.

இறங்கிய அன்றைக்கே உடுப்பைத் தனியாக, இரண்டு தண்ணீரில் அலசுங்கள். அமிலம் ஏறிய துணியை ஈரத்தோடு பையில் கட்டி வைத்தால் இற்றுப்போகும். பாவித்த காட்ரிஜ்ஜை அடுத்த பயணத்துக்கென்று எடுத்து வைக்காதீர்கள். வாயு பட்டவருக்கு நுரையீரலில் நீர் கோப்பது சில மணித்தியாலம் கழித்தும் தொடங்கலாம் என்பதால், இரவில் இருமலோ மூச்சுத்திணறலோ கூடினால் விடியும்வரை பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெள்ளி மெட்டி, கொலுசு, அரைஞாண் இருந்தால் ஏறும் முன் கழற்றித் தங்குமிடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும்; ஐதரசன் சல்பைட்டு பட்ட வெள்ளி கறுத்துவிடும். மறந்து போட்டுப் போனவர்கள் தட்டாரிடம் ஓடத் தேவையில்லை. வீட்டில் குத்துவிளக்குக்குச் செய்கிற மாதிரி, ஈரத்துணியில் திருநீறு தொட்டுத் தேய்த்தால் மேலோட்டமான கறுப்புப் போய்விடும்.